அணு உலையும் குப்பை எரிஉலையும்: ஒரே தராசு போதுமா?

இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. நிலக்கரிக்கு மாற்றாகச் சொல்லப்படுபவற்றில் அணுமின் நிலையமும் குப்பை எரிஉலையும் மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்திப்பவை. இரண்டும் எரிசக்தித் திட்டங்கள் என்றே பேசப்பட்டாலும், அளவில் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. கூடங்குளத்தின் ஒரு உலை 1,000 மெகாவாட் திறன் கொண்டது. சென்னை கொடுங்கையூரில் திட்டமிடப்பட்ட எரிஉலையின் திறன் 21 மெகாவாட்.

அணுமின்சாரத்தின் பலம், இரவு பகல் பாராமல் சீராகக் கிடைப்பது. சுரங்கம் முதல் உலையைக் கலைப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடுதான் வெளியாகிறது. நிலக்கரியில் இது 820 கிராம். ஆனாலும் நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு 3 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. முக்கியக் காரணம் தாமதம். கூடங்குளத்துக்கு 1988இல் சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2002இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31இல். நாட்டின் மொத்த அணுமின் திறன் இன்னும் 10,000 மெகாவாட்டைத் தொடவில்லை. 2047க்குள் அதை ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவோம் என்ற 2025 பட்ஜெட் அறிவிப்பை இந்த வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி, தீர்ந்த எரிபொருளை எங்கே வைப்பது என்பது. உலையிலிருந்து எடுத்த எரிகோல்கள் சூடு தணியப் பல ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்க வேண்டும். அவற்றை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கைக் கூடங்குளத்தில் 5 ஆண்டுகளில் அமைக்க வேண்டும் என்று 2013 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் 2019இல் தள்ளிப்போனது. கழிவுக்கு இடம் முடிவாகும் முன்பே உலைகளைப் பெருக்குவது, அப்பகுதி மக்களின் அச்சத்தைக் கணக்கில் எடுக்காத செயல்.

எரிஉலையின் சிக்கல் வேறு. நம் வீட்டுக் குப்பையில் பாதியளவு சாதம், காய்கறித் தோல், வாழையிலை என்று ஈரமாகவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த லாரிச் சுமையில் தண்ணீரின் எடையே கணிசம். உலையின் வெப்பத்தில் குறிப்பிடத்தக்க பகுதி அந்த ஈரத்தை உலர்த்தவே செலவாகிறது. டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் கட்டிய, நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் உலை சில வாரங்களில் நின்றுபோனது, குப்பை போதிய வெப்பம் தராததால்தான். வெப்பம் 850 டிகிரிக்குக் கீழே இறங்கினால், பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்குகளிலிருந்து டையாக்சின் எனும் கொடிய நஞ்சு உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. வடிகட்டி அதைப் பிடித்தாலும் நஞ்சு காணாமல் போவதில்லை; பறக்கும் சாம்பலில் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சாம்பலை அபாயக் கழிவாகத்தான் புதைக்க வேண்டும்.

நன்றாக எரிவது பிளாஸ்டிக்தான். அது பெட்ரோலியத்தின் மறுவடிவம் என்பதால், அதை எரிப்பதைப் பசுமை மின்சாரம் என்று சொல்வது பொருந்தாது. விலையும் மலிவில்லை: குப்பை மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் வகுத்த பொதுக் கட்டணம் யூனிட்டுக்கு 7.04 ரூபாய். போதாக்குறைக்கு, உலை ஓட நாள்தோறும் குப்பை வந்தாக வேண்டும். குப்பையைக் குறைக்கும் முயற்சிக்கே அது எதிராகப் போகிறது. அனல்மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ஏற்கெனவே சூழ்ந்த, கொடுங்கையூர் உள்ள வடசென்னையில் எதிர்ப்பு வலுத்ததில் வியப்பில்லை.

ஆகவே எரிஉலையை எரிசக்திக் கணக்கில் சேர்ப்பதே தவறு. குப்பை மேலாண்மையின் கடைசி வழியாக மட்டுமே அதை எடைபோட வேண்டும். கிலோவுக்கு 1,500 கிலோகலோரியும் அதற்கு மேலும் வெப்பம் தரும், மறுசுழற்சி செய்ய முடியாத கழிவைக் கிடங்கில் கொட்டக் கூடாது, எரிபொருளாக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. வீட்டிலேயே தரம் பிரித்தால்தான் அந்த அளவு கைகூடும். பிரித்த ஈரக் குப்பைக்கோ எரிஉலையே தேவையில்லை. இந்தூரில் 2022இல் திறந்த ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து உயிரி எரிவாயு எடுக்கும் திறனுடன் அமைக்கப்பட்டது. அந்த எரிவாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன.