தி பிளாப் (1958 திரைப்படம்)

தி பிளாப் என்பது இர்வின் யேவொர்த் இயக்கிய, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அமெரிக்க அறிவியல் புனைவுத் திகில் படமாகும். விண்கல்லுக்குள் வந்த கூழ் போன்ற ஒன்று மனிதரை விழுங்கிப் பருத்துக்கொண்டே போகிறது. அதைக் கண்ட இளைஞர்கள் சொல்வதைப் பெரியவர்கள் நம்ப மறுக்கின்றனர். படத்தின் உண்மையான அச்சம் இதுவே. (பள்ளி வயது இளைஞனாக நடித்த ஸ்டீவ் மெக்குவீனுக்குப் படப்பிடிப்பின்போது வயது 27!)

பூதமாக நடித்தது சிவப்புச் சாயம் கலந்த சிலிக்கோன். சிறிய மாதிரிக் கட்டடங்களின்மீது அதை வழியவிட்டுப் படம்பிடித்தனர். அக்காலத்து ரப்பர் உடைப் பூதங்கள் பல இன்று சிரிப்பையே வரவழைக்கின்றன. இதற்கோ முகமில்லை, கண்ணில்லை; கெஞ்சினாலும் கேட்காது.

பென்சில்வேனியாவின் பீனிக்ஸ்வில் நகரில், படத்தில் மக்கள் அலறி ஓடிவரும் அதே திரையரங்க வாசலில், ரசிகர்கள் ஆண்டுதோறும் கூடி அக்காட்சியை நடித்து மகிழ்கின்றனர்.