அடங்கிக் கிடப்பது நிம்மதி அல்ல

வேளாவேளைக்குச் சோறு, வருடம் தவறாமல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, வாரம் ஒரு குளியல். இவ்வளவும் செய்துவிட்டு, விடிந்ததிலிருந்து இரவு வரை நாயைக் கேட் ஓரமாகச் சங்கிலியில் கட்டிவைக்கும் வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். கேட்டால், ‘ரொம்ப சாது, கட்டின இடத்திலேயே கிடக்கும்’ என்பார்கள். அந்தச் சாதுத்தனத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் வெளியிட்ட ஆய்வு, இன்று படித்தாலும் மனம் கூசச் செய்வது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியைச் சில நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு, தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற பெட்டியில் விட்டார்கள். மற்ற நாய்கள் தாண்டக் கற்றுக்கொண்டன. முதலில் சொன்ன நாய்களில் பெரும்பாலானவை கொஞ்சம் முனகிவிட்டு, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு அப்படியே படுத்துவிட்டன. சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள்: நீடிக்கும் துன்பத்தில் முடங்கிக் கிடப்பதே மூளையின் இயல்பு, தன்னால் நிலைமையை மாற்ற முடியும் என்பதைத்தான் அது அனுபவத்தில் கற்கிறது. சங்கிலியும் மின்சாரமும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் விருப்பப்படி ஓரடிகூட எடுத்துவைக்க முடியாத உயிருக்கு அந்த அனுபவம் எங்கிருந்து கிடைக்கும்?

‘நாய்க்கு மனசு இருப்பதாக நீங்களாகக் கற்பனை செய்கிறீர்கள்’ என்று சிலர் மறுப்பார்கள். நியாயமான எச்சரிக்கைதான், அதனால்தான் ஆய்வாளர்கள் நடத்தையை அளக்கிறார்கள். ஓர் இடத்தில் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் தீனி, இன்னோர் இடத்தில் எப்போதும் காலி என்று பழக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிண்ணத்தை வைப்பார்கள். நம்பிக்கையான மனநிலையில் உள்ள நாய் அதை நோக்கி வேகமாகப் போகும். சார்லட் டுராண்டனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்சும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தீனி தேடிய நாய்கள் முன்னைவிட வேகமாகப் போயின. அதே காலத்தில், சொன்னபடி காலோடு ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. ‘தினமும் வாக்கிங் கூட்டிப்போகிறோமே’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாய் ஒரு கம்பத்தடியில் மூக்கை வைத்ததுமே வெடுக்கென்று வாரை இழுத்தால், அது வெளியே வந்த காரியத்தையே தடுத்துவிடுகிறோம்.

‘அவிழ்த்துவிட்டால் கடித்துவிடும்’ என்ற பயம் பெரியது. தெருவில் அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. அமெரிக்காவின் டென்வரில் செய்து 1994இல் வெளியான ஆய்வில், கடிக்காத நாய்களைவிடக் கடித்த நாய்களே அதிகமாக முற்றத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தன. கடித்ததால் கட்டினார்களா, கட்டியதால் கடித்ததா என்று அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் சங்கிலி பாதுகாப்பு தரும் என்ற நம்பிக்கைக்கு அது துணைநிற்கவில்லை. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அதில் சொன்ன அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்; சட்டத்தை நம்பிப் பயனில்லை. நேரமில்லாதவர்கள் கேட்டைப் பூட்டிவிட்டு காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடலாம். தட்டில் போடும் தீனியில் ஒரு பிடியைச் செடி மறைவிலும் பழைய அட்டைப்பெட்டியிலும் ஒளித்துவைத்துத் தேடவிடலாம். காம்பவுண்டும் இல்லை, நேரமும் இல்லை என்றால், குட்டி வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுவதே நல்லது.