தேனீயைக் கொல்வது வைரஸ் மட்டுமா?

ஜெர்மனியின் பவேரிய மாநிலத்து எர்லாங்கன் நகரில் 1907இல் தேனீ வளர்ப்புக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியது. அதை உருவாக்கிய விலங்கியலாளர் எனோக் சாண்டரின் பெயரைத் தாங்கிய தேனீப் பெட்டிகள் ஜெர்மனியில் இன்றும் புழங்குகின்றன. தேனீயின் குடலைத் தாக்கும் 'நோசிமா ஏபிஸ்' என்ற நுண்ணுயிரை 1909இல் உலகுக்குச் சொன்னவரும் அவர்தான்.

நோசிமா ஒரு வைரஸ் அல்ல. வைரஸுக்குக் கதவு திறந்துவிடும் ஒட்டுண்ணி. ராணி வளரும் அறையிலேயே அதைக் கொன்று, அறைச் சுவரையும் கறுக்கச் செய்யும் ஒரு வைரஸ் உண்டு. நோசிமா தாக்கிய தேனீக்களில் அது பெருகுவதைப் பின்னாளில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தேனீக்களுக்கு வரும் வைரஸ்கள் பலவும் இப்படித்தான். கூட்டுக்குள் ஓசையில்லாமல் கிடக்கும். தேனீ தளர்ந்ததும் தலைதூக்கும்.

தளர்த்துவதில் முதலிடம் வர்ரோவா உண்ணிக்கு. ஆசியத் தேனீயிடமிருந்து ஐரோப்பியத் தேனீக்குத் தாவிய இது, 1970களில் ஜெர்மனிக்குள் நுழைந்தது. மூடிய அறைக்குள் கூட்டுப்புழுவைத் துளைத்து உண்ணும்போதே, இறக்கையைச் சிதைக்கும் வைரஸையும் உடம்புக்குள் செலுத்திவிடுகிறது. அப்படி வளர்ந்து வெளிவரும் தேனீயின் இறக்கைகள் கசக்கிப்போட்ட காகிதம்போலச் சுருண்டிருக்கும். பறக்க வழியின்றிப் பெட்டி வாசலில் ஊர்ந்து, சில நாளில் சாகும். இலையுதிர்காலம் வெதுவெதுப்பாக நீண்டால் ராணி முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. புழு இருக்கும்வரை உண்ணியும் பெருகும்.

பூச்சிமருந்தும் இதில் கூட்டாளி. குளோதியானிடின் என்ற மருந்து, சாகடிக்காத சிறு அளவிலேயே தேனீயின் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்து, இறக்கையைச் சிதைக்கும் அந்த வைரஸைப் பெருகவிடுவதாக 2013இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடைசெய்தது. காலம் தாழ்ந்த முடிவு என்றாலும் சரியான முடிவு.

நம் ஊருக்கும் இந்தக் கதை தெரியும். 1990களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் 'தாய் சாக்புரூட்' (Thai sacbrood) வைரஸ் பரவி, கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்கள் கொத்துக்கொத்தாக அழிந்தன. செத்த புழுவை இடுக்கியால் எடுத்தால் நீர் கோத்த பைபோல முழுசாக வரும். இந்த நோய்க்கு இன்றுவரை மருந்தில்லை. கூட்டத்தைத் திடமாக வைத்திருப்பதே வழி. குமரியின் ரப்பர்த் தோட்டங்கள் தளிர்க்கும் பருவத்தில் தேன் தாராளம், மழைக்காலத்தில் பஞ்சம். அப்போது ஊற்றும் சர்க்கரைப் பாகில் மகரந்தத்தின் புரதம் இல்லை. அதனால் பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்தாரும் தோட்ட ஓரத்துத் தும்பையையும் தொட்டாற்சிணுங்கியையும் வெட்டாமல் விடுங்கள். மருந்தடித்தே ஆகவேண்டும் என்றால், தேனீ கூடடைந்த பிறகு, அந்தியில் அடியுங்கள்.