வயிற்றுக்குள் ஒரு கடல்!

"ஒரு லிட்டர் தண்ணி குடிக்கணும். குடிச்சிட்டு பாத்ரூம் போகக் கூடாது. கூப்பிடற வரைக்கும் அடக்கிக்கிட்டு உட்காரணும்."

பள்ளிக்கரணையில், வேளச்சேரி – தாம்பரம் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு ஸ்கேன் சென்டரில் என் மனைவிக்குக் கிடைத்த முதல் உத்தரவு இது. எங்கள் டோக்கன் நம்பர் 23. உள்ளே போயிருந்தது 9. தண்ணீரைக் குடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் இருந்த போர்டுகளை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "ரிலாக்ஸா இரு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இந்தப் பத்திரிகையில் பிரசுரிக்க முடியாது.

கல்யாணமாகி நாலு வருஷம். எங்கள் கணக்குப்படி அன்றைக்கு ஆறு வாரம். டாக்டரம்மா வயிற்றில் பசையைத் தடவி, கருவியை அங்கும் இங்கும் நகர்த்தி, ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"பை தெரியுது. உள்ளே மூணு மில்லிமீட்டர்ல சின்னதா ஒண்ணு தெரியுது. துடிப்பு இன்னும் தெரியலை. தேதி முன்னே பின்னே இருக்கலாம். பத்து நாள் கழிச்சு வாங்க. இப்ப எதையும் முடிவு பண்ண வேண்டாம்."

ஆட்டோவில் மனைவி கேட்டாள்: "ஏங்க, தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?"

நான் பி.காம். டெபிட், கிரெடிட் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கே தப்பு என்று தேடத் தெரியும். இதற்கு என்ன பதில் சொல்வது? "சே சே, அப்படியெல்லாம் இருக்காது" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாத குரலில்.

எங்கள் கீழ் வீட்டில் ஒரு தம்பி இருக்கிறான். ஸ்கேன் மெஷின்களுக்கு சர்வீஸ் என்ஜினியர். மறுநாள் காலை, சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி இருக்கும் டீக்கடையில் அவனைப் பிடித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, டாக்டர் சொன்னதுதான் சரி. அந்த மெஷின் எப்படிப் பார்க்குதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே புரியும். முதல்ல ஒண்ணு, அது பார்க்கிறதே இல்லை. காதால கேட்குது."

கேட்கிறதா? நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் காதுக்கு விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரைதான் எட்டும். வயிற்று ஸ்கேனில் அனுப்பும் ஒலி விநாடிக்கு சுமார் 35 லட்சம் அதிர்வு. நாய்க்கும் கேட்காது, வௌவாலுக்கும் கேட்காது. அந்த ஒலியை உடம்புக்குள் ஒரு துளி அனுப்புகிறார்கள். வழியில் ஒரு சதை முடிந்து இன்னொரு சதை ஆரம்பிக்கிற இடத்தில் எல்லாம் கொஞ்சம் திரும்பி வருகிறது. அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. நம் உடம்பின் மெல்லிய சதைகளில் ஒலியின் வேகம் சராசரியாக விநாடிக்கு 1,540 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ விநாடி. 26 மைக்ரோ விநாடி கழித்து வந்தால் இரண்டு சென்டிமீட்டர். அவ்வளவுதான். பலமாக வந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி, லேசாக வந்த இடத்தில் சாம்பல், ஒன்றுமே வராத இடத்தில் கறுப்பு. தண்ணீர் கறுப்பாகத் தெரிவது அதனால்தான். உள்ளே தட்டித் திருப்ப ஒன்றுமில்லை.

"ஒரு துளி அனுப்ப ஒரு மைக்ரோ விநாடி கூட ஆகாதுண்ணா. அப்புறம் 200 மைக்ரோ விநாடி சும்மா காதைக் கொடுத்துக்கிட்டு இருக்கும். பதினைஞ்சு சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் கேட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் அடுத்த துளி."

ஒரு பங்கு பேச்சு, இருநூறு பங்கு கேட்பது! எங்கள் மேனேஜருக்கு நேர் எதிர்.

இப்படி 128 கோடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினால் ஒரு படம். விநாடிக்கு ஐயாயிரம் தடவை அனுப்பிக் கேட்க முடிவதால், விநாடிக்கு நாற்பது படம் வரை கிடைக்கிறது. அதனால்தான் திரையில் எல்லாம் சினிமா மாதிரி அசைகிறது.

பேசுவதும் கேட்பதும் ஒரே ஆள்தான். கையில் பிடிக்கிற ப்ரோப்புக்குள் பீங்கான் போன்ற துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அதை யாராவது அதிரவைத்தால் மின்சாரம் கொடுக்கும். அழுத்தினால் மின்சாரம் வரும் படிகங்களை பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-ல் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரான்ஸில் பால் லாஞ்வின் அந்தப் படிகத்தைக் கடலில் இறக்கினார். அதுதான் சோனாரின் ஆரம்பம்.

"சோனார்னா நம்ம ஏரியா சமாச்சாரம்ணா" என்று தம்பி ரோட்டைக் காட்டினான். உண்மைதான். 1993-ல் ஆரம்பித்த தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், என்.ஐ.ஓ.டி., இதே பள்ளிக்கரணையில், இதே மெயின் ரோட்டில்தான் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். உள்ளே 16 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. யாரும் நீந்துவதற்கில்லை. தண்ணீருக்கடியில் ஒலி அனுப்பும், கேட்கும் கருவிகளைப் பரிசோதிக்க. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புவதற்காக மத்ஸ்யா 6000 வாகனத்தை உருவாக்குவதும் இவர்கள்தான். கடலுக்கடியில் ரேடியோ அலை கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். ஒலியை விட்டால் வழியில்லை. கடலில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர். நம் உடம்பில் 1,540. கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்வர எட்டு விநாடி ஆகும். வயிறு என்பது கொஞ்சம் சின்னக் கடல்.

கப்பலில் இருந்தது கர்ப்பிணியிடம் எப்படி வந்தது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயான் டொனால்ட் என்று ஒரு மகப்பேறு டாக்டர். 1955-ல், அறுவை செய்து எடுத்த கட்டிகளை இரண்டு கார் டிக்கிகளில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் ஃபேக்டரிக்குப் போனார். அங்கே இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கிற கருவி இருந்தது. கட்டிகளை வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு! நீர்க்கட்டி ஒரு மாதிரி, கெட்டிக் கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது. டாம் பிரவுன் என்ற இளம் என்ஜினியரும், ஜான் மெக்விகர் என்ற டாக்டரும் சேர்ந்தார்கள். 1958 ஜூனில் 'லான்செட்' இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. வயிற்றில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு அது வெறும் நீர்க்கட்டி என்று இந்தக் கருவி சொல்ல, ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டாள்.

இரும்பைப் பார்ப்பதும் இன்றுவரை நிற்கவில்லை. நம் ரயில்வேயில் தண்டவாளத்தின் உள்விரிசலை இதே ஒலி முறையில்தான் தேடுகிறார்கள். தண்டவாளத்துக்குப் பசைக்குப் பதில் தண்ணீர்.

"பசை எதுக்குப்பா?"

"காத்துதாண்ணா எமன். ப்ரோப்புக்கும் தோலுக்கும் நடுவுல கொஞ்சம் காத்து இருந்தாப் போதும். ஆயிரம் ரூபா அனுப்பினா 999 ரூபா வாசல்லயே திரும்பி வந்துடும். உள்ளே போகாது."

குடலிலும் காற்று. அதற்குத்தான் தண்ணீர். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிவிட்டு, ஒலிக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடுகிறது. ஸ்கேன் சென்டர்காரர்கள் நம்மைப் பழிவாங்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே போனதும் சுலபமில்லை. ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும், போய்வருவதற்குள் பாதிக்கு மேல் கரைந்துவிடும். பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வருகிற ஒலி பல ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. அதனால் லேட்டாக வருகிற எதிரொலியை மெஷின் அதிகமாகப் பெருக்கும். லேட்டாக வந்தால் சலுகை! எங்கள் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிடுவார்கள்.

"இப்ப உங்க விஷயத்துக்கு வாங்கண்ணா" என்றான். "35 லட்சம் அதிர்வுல ஒரு அலையோட நீளம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதைவிட நுணுக்கமா அதால பார்க்க முடியாது. பக்கவாட்டுல இன்னும் மோசம். உங்க பாப்பா மூணு மில்லிமீட்டர். இதயம் அதுல ஒரு பங்கு. அதிர்வை ஏத்தினா நுணுக்கமா தெரியும், ஆனா ஆழம் போகாது, சீக்கிரம் கரைஞ்சிடும். அதுக்குத்தான் உள்ளே வச்சுப் பார்க்கிற ப்ரோப்பும் இருக்கு. ஏழு மில்லிமீட்டர் வளர்ந்தும் துடிப்பு இல்லைன்னாத்தான் டாக்டருங்க கவலைப்படுவாங்க. அதுவரைக்கும் காத்திருக்கிறதுதான் வைத்தியம்."

மனைவியிடம் அப்படியே ஒப்பித்தேன். "அப்ப, இருக்குன்னும் சொல்ல முடியாது. அதானே?" என்றாள். பி.காம். மனைவியாயிற்றே. ஆனால் அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கினாள்.

அந்தப் பத்து நாளில் ஊரிலிருந்து ஒரு மாமா போன் செய்தார். "நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு மெதுவா கேட்டு வைடா." துடிப்பே தெரியவில்லை, இவருக்கு அந்தக் கவலை! இதைச் சொன்னபோது, எப்போதும் சிரிக்கிற கீழ் வீட்டுத் தம்பி சிரிக்கவில்லை. சுவரில் என் மனைவி படித்துக்கொண்டிருந்த போர்டு அதுதான். 1994-ல் வந்த சட்டம், 1996 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. சொல்கிற டாக்டருக்கும் 3 ஆண்டு வரை சிறை, கேட்கிற கணவனுக்கும் மாமாவுக்கும் 3 ஆண்டு வரை சிறை. ஒவ்வொரு மெஷினும் பதிவில் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 பையன்களுக்கு 943 பெண்கள்தான். "ஒரு பொம்பளையைப் பிழைக்க வச்ச மெஷின்ணா இது" என்றான். மாமாவுக்கு போன் போட்டு சட்டத்தைப் பிரிவு பிரிவாக விளக்கினேன். அதற்கப்புறம் அவர் வானிலை மட்டும்தான் விசாரிக்கிறார்.

பதினோராம் நாள். டோக்கன் நம்பர் 31. இந்தத் தடவை ஒரு ஒப்பந்தம்: "நான் குடிச்சா நீங்களும் குடிக்கணும்." குடித்தேன். முழுசாக ஒரு லிட்டர்.

உள்ளே கூப்பிட்டார்கள். பசை. ப்ரோப். டாக்டரம்மா பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். நான் மனசுக்குள் 13, 26, 39 என்று மைக்ரோ விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்புப் பைக்குள் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று. அதன் நடுவில் ஏதோ மினுக்… மினுக்… மினுக்.

"பதிமூணு மில்லிமீட்டர். நல்லா வளர்ந்திருக்கு. இப்ப பாருங்க" என்று ஒரு பட்டனைத் தட்டினார். ஒரே ஒரு கோட்டில் மட்டும் ஒலியைத் திரும்பத் திரும்ப அனுப்பி, வருவதை வரிசையாக வரைந்தது மெஷின். சீரான சின்னச் சின்ன அலை. கடலேதான்!

"நிமிஷத்துக்கு 142."

என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. கண்ணில் தண்ணீர்.

"அழாதீங்க, சந்தோஷமான விஷயம்தானே?" என்றார் டாக்டரம்மா.

"அதுக்கு இல்லை மேடம்… பாத்ரூம் எந்தப் பக்கம்?"