பாலோ திடலில் கட்டிய வெள்ளைத்துணி: பழைய படங்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையோரம் இருக்கும் சிறிய ஊர் பாலோ. சுற்றுவட்டாரத்தில் இன்று செம்பனை. பெரியவர்களின் நினைவிலோ ரப்பர் மரங்கள். இதுபோன்ற ஊர்களில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் வீட்டில் கறுப்பு வெள்ளைத் தமிழ்ப்படம் ஒன்று ஓடினால் நடப்பது எல்லாருக்கும் தெரியும். பேரப்பிள்ளைகள் கைப்பேசியோடு எழுந்து போவார்கள். தாத்தாவோ, நடிகர் வாய் திறக்கும் முன்பே வசனத்தைச் சொல்லிவிடுவார்.

நூறு முறை பார்த்த படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? ‘அந்தக் காலமே பொற்காலம்’ என்ற பதில் சுலபமானது. ஆனால் உண்மையான காரணங்கள் வேறு.

முதலில், அந்தப் படங்களைப் பார்த்த விதம். தோட்டத் திடலில் இரண்டு கழிகளை நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். பாய், சாக்கு, முக்காலி என்று கிடைத்ததைக் கொண்டுபோய் இடம் பிடிக்க வேண்டும். முன்பக்கம் நிரம்பிவிட்டால் துணிக்குப் பின்னால் உட்கார வேண்டியதுதான். அங்கிருந்து பார்த்தால் எழுத்துகள் தலைகீழாக அல்ல, இடம் வலமாக மாறித் தெரியும், எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் சுழற்றுவார். 1946-இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் படங்களும் அரசாங்க வண்டிகளில் மலாய்க் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் இப்படித்தான் வந்தன. யாரும் தனியாகப் படம் பார்க்கவில்லை. ஒரு காட்சிக்கு லயமே சேர்ந்து அழுதது. மறுநாள் வெளிக்காட்டில் பால் வெட்டும்போதும் அதே பேச்சு.

அடுத்தது, கதை. 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யைத் தமிழ்நாட்டில் அரசியல் படமாகவே பெரும்பாலும் பேசுகிறார்கள். இங்கே அது வேறு மாதிரியும் தைத்திருக்கும். பிழைக்க ரங்கூன் போன மூன்று அண்ணன்மார், மதுரையில் ஒரே தங்கை, நடுவில் இரண்டாம் உலகப் போர். கப்பல் ஏற முடியாதவர்கள் கால்நடையாகவே புறப்படுகிறார்கள்; குடும்பம் சிதறுகிறது. ஜப்பானியர் காலத்தைக் கடந்து வந்த மலாயாத் தமிழருக்கு இது சினிமாக் கதையா? சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் தோட்டத் தமிழர்கள் ஏராளம். திரும்பி வராதவர்களும் ஏராளம். அந்த நீதிமன்றக் காட்சியில் கலைஞர் மு. கருணாநிதியின் வசனம் கைதட்டல் வாங்கியது என்றால், அதற்கு முந்தைய பிரிவுக் காட்சிகளுக்கும் இங்கே தனிக் கனம் உண்டு.

வசனத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவருமே பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ல, ள, ழ பிசகாமல் பேசியாக வேண்டிய மேடை அது. அதனால்தான் கரகரக்கும் ஒலிபெருக்கியிலும், துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கும் ஒரு சொல் தவறாமல் போய்ச் சேர்ந்தது. 1959-இன் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1965-இன் ‘திருவிளையாடல்’ ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே ‘பார்க்கலாம்’. நாகேஷின் தருமி புலம்புவது காதால் மட்டுமே கேட்டாலும் சிரிப்பு வரும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பலருக்கு அடுத்த தமிழ் வாத்தியார் இந்தப் படங்கள்தான் என்றால் மிகையில்லை.

மூன்றாவது காரணம் தொலைக்காட்சி. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28. படம் ஒருமுறை வெற்றி பெறுவதால் மட்டும் அது காலத்தை வெல்வதில்லை. திரும்பத் திரும்ப வீட்டுக்குள் வரும்போதுதான் அது குடும்பத்தில் ஒருவராகிறது. ஹாலிவுட்டிலும் இதே கதைதான். 1946-இல் வெளியான ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ படம் போட்ட பணத்தையே எடுக்கவில்லை. 1974-இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். இலவசமாகக் கிடைத்த படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ்தோறும் போட்டுத் தள்ளின. இன்று அந்தப் படம் இல்லாமல் அங்கே கிறிஸ்துமஸ் இல்லை.

நம் நாட்டில் அந்த இடம் பி. ரம்லிக்கு. 1964-இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வந்த பிறகு அவருக்கு இறங்குமுகம்தான். 1973 மே 29-இல் 44 வயதில் மறைந்தபோது கையில் காசில்லை. டான்ஸ்ரீ விருது அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 1990-இல் வந்தது. ஆனால் ‘பூஜாங் லாப்போக்’ நகைச்சுவைகளைத் தொலைக்காட்சி விடவில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எந்த வீட்டிலும் அந்த மூன்று கட்டை பிரம்மச்சாரிகளுக்குச் சிரிக்க ஆள் உண்டு.

ரம்லி படங்களில் நமக்கு ஏதோ பழகிய வாடை அடிக்கிறதே என்று தோன்றினால், அது பிரமை அல்ல. சிங்கப்பூர், ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய ஸ்டுடியோவில் தொடக்ககால இயக்குநர்கள் பலரும் இந்தியர்கள். ரம்லியின் முதல் படமான ‘சிந்தா’வை (1948) இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன், பினாங்கில் வளர்ந்த தமிழர். பாட்டும் தாய்ப்பாசமும் கண்ணீரும் அந்த வழியாகத்தான் மலாய்ப் படத்துக்குள் போயின.

நடிகரும் தொழில்நுட்பக் கலைஞரும் மாதச் சம்பளத்துக்கு ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் ஹாலிவுட் பாணி ஜாலான் அம்பாஸிலும் இருந்தது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலும் இருந்தது. அந்தச் சேலம் நிறுவனத்துக்காக 1950-இல் ‘மந்திரி குமாரி’யை இயக்கியவர்களில் ஒருவர், ஓஹையோவில் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன்! எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதிலீலாவதி’யும் (1936) இந்த அமெரிக்கர் இயக்கியதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது.

ஆனால் எல்லாம் பிழைத்துவிடவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படச்சுருள் இன்று இல்லை. பி.என். ராவ் இயக்கி 1957-இல் மலாயாவையே பயமுறுத்திய ‘பொந்தியானாக்’ படமும் போய்விட்டது. தயாரிப்பாளரே சுருள்களைப் பழைய ஈயக்குட்டையில் வீசிவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

திடலில் படம் பார்த்த கதையோ எந்தச் சுருளிலும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் குளுவாங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். எந்தத் தோட்டத்தில் எந்தப் படம் போட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள், மழை வந்தால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இப்போது எழுபதைத் தாண்டியவர்களின் வாயில்தான் இருக்கிறது. அடுத்த தீபாவளிக்குப் பழைய படம் ஓடும்போது, வசனத்தை முந்திச் சொல்லும் தாத்தாவிடம் அதை முதலில் எந்தத் தோட்டத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். துணிக்கு முன்பக்கமா, பின்பக்கமா என்பதையும்.