கை தளரும் வயதில் துப்பாக்கி

கல்லூரி மலரில் துப்பாக்கியைப் பற்றிக் கட்டுரையா என்று நண்பர்கள் வியக்கலாம். வேட்டைக் கதை எழுத நான் வரவில்லை. கௌதாரியும் காடையும் சுட்டுத் திரிந்த காலத்தை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தியது; 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் பொழுதுபோக்கு வேட்டையை அடியோடு நிறுத்தியது. அந்தப் பறவை வேட்டைக்கென்று உருவான இரட்டைக்குழல் துப்பாக்கிதான் இன்று வங்கி வாசல்களில் காவல் நிற்கிறது. அப்படி நிற்பவர்களுள் என் பெரியப்பாவும் ஒருவர். ராணுவத்தில் இருந்து வந்தவர். அவர் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருவன் கல்லூரிப் படியேறினான்.

அவருடையது குதிரை வைத்த பழைய துப்பாக்கி. சுடுவதற்கு முன் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். வயதாக ஆகக் கையின் பிடிவலு குறைகிறது. கட்டைவிரலின் அடிமூட்டு தேய்கிறது. சென்ற பங்குனியில் துடைத்துக்கொண்டிருக்கும்போது குதிரை விரலிலிருந்து நழுவி அடித்தது. நல்லவேளை, குழலில் தோட்டா இல்லை. எங்கள் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராசேந்திரன் கல்வெட்டு ஒரு மருத்துவமனையைச் சொல்கிறது. அன்று பெரியப்பா சிரித்துக்கொண்டே, "ஏண்டா, பதினஞ்சு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்துன ஊராமே இது! என் கட்டைவிரலுக்கு ஒரு தைலம் வச்சிட்டுப் போகலியே" என்றார். சிரிப்பு எனக்கு வரவில்லை.

எடை குறைந்த ஒற்றைக்குழல் வாங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். கைக்கு நோவு என்றால் கனத்தைக் குறைப்பதுதானே வழி என்று யாருக்கும் தோன்றும். இங்கேதான் நாம் வகுப்பில் படித்த உந்த அழிவின்மை விதி குறுக்கே வருகிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே '12 போர்' குழலின் விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். அதன் தோட்டாவில் 32 கிராம் ஈய ரவை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். 3.2 கிலோ துப்பாக்கி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னுக்கு வரும். உதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 26 ஜூல். துப்பாக்கி 2.7 கிலோவானால் அதே தோட்டா 30 ஜூலுக்கு மேல் உதைக்கும். மருந்தின் வாயுவையும் சேர்த்தால் இரண்டுமே கூடும். ஆக, தோளுக்கு இலேசானது கைக்கும் மூட்டுக்கும் பகை. துப்பாக்கியை 3.2 கிலோவாகவே வைத்துக்கொண்டு ரவையை 24 கிராமாக்கினால் உதைப்பு 14 ஜூலுக்கு இறங்கிவிடுகிறது. பயிற்சிக்கு அது போதும்.

அத்துடன், மலிவான ஒற்றைக்குழல்கள் பலவற்றிலும் குதிரை வெளியேதான் இருக்கும். பழைய தொல்லையே திரும்பி வரும். குதிரை உள்ளடங்கிய துப்பாக்கியில் குழலை மடக்கித் திறக்கும்போதே உள்ளிருக்கும் வில் ஏறிக்கொள்கிறது. அதற்கும் வலு வேண்டும்தான். ஆனால் அது ஒற்றை விரலின் வேலையன்று. கட்டையை இடுப்போடு அணைத்து, குழலைச் சற்று முன்தள்ளிப் பிடித்தால் நெம்புகோலாகி எளிதில் மடங்கும். சுட்ட தோட்டாவைத் தானே வெளியே எறியும் அமைப்பு இருந்தால் விரல்நுனியால் கிள்ளி எடுக்கும் பாடும் இல்லை.

கடையில் பெரியப்பா மூன்று துப்பாக்கிகளைத் திறந்து மூடிப் பார்த்தார். கணக்கை நான் சொன்னேன். அவர் கட்டைவிரலையே கேட்டார். மூன்றாவது இணங்கியது. பழையதை விற்று இதை உரிமத்தில் ஏற்ற மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை அந்தப் பழைய குதிரையோடுதான் அவர் வாசலில் நிற்கிறார்.