கடற் கேடயமும் மக்கள் மன்றமும்

கோடைக்கானலிலே கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதையில் நின்று நோக்குவார்க்கு, முகில் விலகிய காலையில் பெரியகுளத்துச் சமவெளி கண்முன் விரியும். உயர நிற்போன் நெடுந்தொலை காண்பான். தாழ நிற்போனுக்கு நிலவுலகின் வளைவே திரையாகும். புனங்காப்போன் பரண்மீது ஏறுவதும் தொலைநோக்கு வேண்டியே. கடற்படை இந்நாளிற் பயிலும் ஏவுகணைக் காவலுக்கும் இவ்வெளிய உண்மையே அடிப்படை.

பாலிஸ்டிக் ஏவுகணை கவண்கல் போல்வது. தொடக்கத்தில் மட்டுமே உந்தப்பெற்று வானளாவ எழுந்து, பின்னர்ப் பெற்ற வேகத்தாலும் புவியீர்ப்பாலும் இலக்கை நோக்கி வீழும். அதன் நெறி கணிக்கத்தக்கதாகலின், ரேடார் அதனைக் கண்டு தொடர, எதிர்க்கணை சென்று இடைமறித்தல் கூடும். அதற்குக் கிடைக்கும் காலமோ சில நிமிடங்களே. இக்கருவிகளைக் கப்பலில் அமைப்பது என்னை? நிலத்துத் தளம் எளிதிற் பெயராது. கப்பலோ கணை வருந்திசை நோக்கிச் சென்று நிற்கும். கடல்மட்டத்தில் அதன் பார்வை குறுகுமாயினும், பிற ரேடார்கள் அனுப்புஞ் செய்தி அக்குறையை நிறைக்கும்.

நம் நாடு 2006 நவம்பரில் நிலத்திலிருந்து ஏவிய கணையால் இத்தகைய இடைமறிப்பை முதன்முதற் செய்து காட்டியது. 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் கடற்படையும் ஒடிசாக் கரைக்கப்பால், வங்கக்கடலில், கப்பலிலிருந்து முதற்சோதனை நிகழ்த்தின. வெற்றியென அறிவிக்கப்பட்டது, அறிவித்ததும் பாதுகாப்புத் துறையே.

ஈண்டொரு வினா எழுகின்றது. மறைவாகச் செய்யப்படும் படைக்கலத்துக்குப் பொதுப்பணம் செலவாங்கால், அதனை அளந்தறிவார் யாவர்? அரசியலமைப்பின் 113-ஆம் பிரிவின்படி மானியக் கோரிக்கைகள் மக்களவையின் இசைவு பெறவேண்டும். 1993-இல் தோன்றிய பாதுகாப்புத்துறை நிலைக்குழு அக்கோரிக்கைகளை ஆராய்கின்றது. செலவான பின், 151-ஆம் பிரிவின்படி தலைமைத் தணிக்கையரின் அறிக்கை மன்றத்தை அடைகின்றது. ஆயினும் குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. கோரிக்கைகள் பல விவாதமின்றியே ஒருசேர நிறைவேறுவதும் உண்டு.

மறைவே கூடாதென்பது என் கருத்தன்று. பகைவன் அறியத்தகாதன உள. ஆயின் பகைவனிடம் மறைப்பது வேறு, மக்கள் மன்றத்தினிடம் மறைப்பது வேறு. நிலைக்குழு கதவடைத்தே கூடுகின்றது. அங்கே எத்தனை கணைகள் தப்பின, எத்துணைப் பொருள் செலவாயிற்று என உசாவுதல் குற்றமாகாது. பழுதுள்ள கேடயத்தை நம்பிப் போர்புகுவோன், கேடயமில்லாதவனினும் இரங்கத்தக்கவன். இல்லாதவன் விழிப்பாகவேனும் இருப்பான். வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தனர். ஆராய்ந்தபின் வைக்கும் நம்பிக்கையே நம்பிக்கை. இரவெல்லாம் பரண்மேல் விழித்திருந்தவனையும் விடியலிற் புனத்துக்குரியோன் வினவுவான். அது பகையன்று, உரிமை.